அப்பா அடைத்த ஓட்டைகள்

பகல் கனவு காண்கிறவர்களுக்குப் பெண் கொடுக்கலாம், வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம். மருத்துவக் கல்லூரியில் இடம் மட்டும் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். பாண்டி பஜாரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. (திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சில் மட்டும் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது.)

படிப்புக்காக ஒரு மண்டையோடு வைத்திருந்தேன். மேல்பாகம் மூடிபோல் கழன்று வரும். உள்ளே பார்த்தால் அடித்தளமெல்லாம் ஓட்டைகள். மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் அவற்றின் வழியாகத்தான் வெளியே போகின்றன. கண்ணுக்கு ஒரு வழி, தாடைக்கு ஒரு வழி, நாக்குக்கு ஒரு வழி. எது எதன் வழியே போகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். நானோ சாயங்காலம் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அதைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடிப்பேன். மஞ்சள் வெயில் ஓட்டைகளில் நுழைந்து என் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். இந்த வழியாகத்தானே யாரோ மல்லிகை வாசனையை அறிந்திருப்பார், யாரையோ பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைத்தபடியே கிடப்பேன். இருட்டிவிடும். ஒரு பெயர்கூட மண்டையில் ஏறியிருக்காது. (என் மண்டையில்.)

இந்த லட்சணத்தில் வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதிலும் விட்டால் வருஷப் பரீட்சைக்கு உட்கார முடியாது. கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். அப்பாவோ பஜார் முழுக்க "எம்மவ டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தார்.

சரஸ்வதி பூஜை வந்தது. கடையில் கத்தரிக்கோல், கஜக்கோல், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் புத்தகங்களை அடுக்கினேன். அப்பா மண்டையோட்டையும் கேட்டார்.

"ஐயையோ, சாமி முன்னால எலும்பையா வைப்பாக?" என்று அம்மா அலறினாள்.

"சும்மா கெட. அவ படிக்கதுக்கு உள்ள ஆயுதம்லா அது? ஏட்டி, நீ கொண்டா."

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, படிக்கவும் கூடாது. எனக்கு இதைவிடப் பிடித்த சாஸ்திரம் உலகத்திலேயே கிடையாது. மறுநாள் விஜயதசமிக்கு ஒரே ஒரு பக்கம் படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அதற்கு அடுத்த நாள் தேர்வு. அப்பா பட்டுத்துணியில் கட்டிக் கொடுத்ததை அப்படியே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிரித்துப் பார்க்கவில்லை. ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டது, என்ன செய்ய?

எங்கள் மேடம் மயிலாப்பூர்க்காரர். அவரவர் மண்டையோட்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது அவர் சட்டம். ஈர்க்குச்சியை ஓர் ஓட்டையில் நுழைத்து, "இதுல என்ன போறது?" என்பார்.

முடிச்சை அவிழ்த்து மூடியைக் கழற்றினேன். கமகமவென்று வாசனை. ஓட்டை ஒன்றையும் காணோம்! அத்தனையிலும் சந்தனத்தைக் குழைத்து அடைத்து, மேலே குங்குமப் பொட்டு வைத்திருந்தார் அப்பா.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏண்டிம்மா, இதுக்கு என்ன, இன்னிக்குக் கல்யாணமா?"

"சரஸ்வதி பூஜை, மேடம்... எங்கப்பா..."

"சரி, நீயே தோண்டு. ஒவ்வொண்ணா தோண்டி, என்ன போறதுன்னு சொல்லு."

ஈர்க்குச்சியை வாங்கித் தோண்டினேன். சந்தனம் உதிர உதிர, மாடியில் முகத்தில் விழுந்த வெயில் பொட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கூடவே பெயர்களும் வந்தன, எனக்கே நம்ப முடியவில்லை! கடைசியாக மேடம் மண்டையோட்டைத் திருப்பி, காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பின் அருகே ஒரு சின்னஞ்சிறு குங்குமப் பொட்டைக் காட்டினார். "இது வழியா என்ன வெளியில வரது?"

அந்த வாசனை என்னை எங்கேயோ கொண்டுபோயிருந்தது.

"சந்தனம், மேடம்" என்றேன்.

வகுப்பே குலுங்கியது. மேடமும் சிரித்துவிட்டார். "முக நரம்புடி! இப்ப எல்லாரும் சிரிக்கறாளே, அது இந்த நரம்பாலதான். இனிமே மறப்பியா?" என்று சொல்லி, பாஸ் போட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எகிறினேன். "உங்கள யாருப்பா அடைக்கச் சொன்னா?"

அவர் முகம் வாடிவிட்டது. "ஓட்டப் பானையில தண்ணி நிக்குமாட்டி? ரெண்டு தடவ தோத்துட்டியே, படிக்கது பூரா இது வழியா ஒழுகிருதுன்னுல்லா நெனச்சேன்."

தோற்றதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், பஜார் முழுக்க என்னை டாக்டராக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில வருஷம் கழித்து, நான் நிஜமாகவே டாக்டரான பிறகு, ஒரு நாள் காலையில் அப்பா குடித்த காபி வாயோரம் வழிந்தது. முகம் ஒரு பக்கம் அசையவில்லை, கண் மூடவில்லை. பக்கவாதம் என்று அம்மா ஓவென்று அழுதாள். நெற்றியைச் சுருக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் நெற்றியும் சுருங்கவில்லை; பக்கவாதமென்றால் நெற்றி மட்டும் தப்பியிருக்கும். கை கால் இரண்டும் நன்றாக இருந்தன. எனக்கு உயிர் வந்தது.

"பக்கவாதம் இல்லப்பா. காதுக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அது வழியா வர்ற நரம்பு வீங்கி அடைச்சிருக்கு. சரியாயிரும்."

அப்பா கோணிய வாயோடு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு எல்லாத்தையும் தோண்டிட்டேன்னியேட்டி. அந்த ஒண்ண விட்டுட்டியோ?"

சிரித்தார். பாதிச் சிரிப்புத்தான் வந்தது. மீதி வருவதற்குச் சில வாரமாயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் அப்பா மண்டையோட்டுக்குச் சந்தனம் வைக்க உட்காரும்போது, அன்றைக்கு எலும்பைக் கண்டு அலறிய அம்மாதான் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"காதுக்குப் பின்னால உள்ளதை மட்டும் தொறந்து வையிங்க. மனுசன் சிரிக்கணும்லா!"