இந்திய ஹாக்கிக்கு நான் கொடுத்த பாதி மீசை

தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் மனுஷன் ரொம்பச் சத்தமாகப் பேசுவான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

சியோலில் ஒலிம்பிக் நடந்த வருஷம். எனக்கு இருபத்தாறு வயசு, கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை. ஆனால் என் உண்மையான உத்தியோகம், குப்புசாமி அண்ணன் சலூனில் ஹாக்கி நிபுணராக இருப்பது. சம்பளம் கிடையாது. ஓசி டீ உண்டு.

இந்த நிபுணத்துவம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. கையில் மட்டையோடு மெத்தை மெத்தையாக உடுப்பு போட்ட ஆட்களின் படமும், கீழே ஹாக்கி என்ற சொல்லும் இருந்தன. போதாதா? டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் படித்தேன். டீமுக்கு ஆறு பேர். ஆட்டம் மூன்று பாகம். தப்பு செய்தவனை இரண்டு நிமிஷம் பெட்டி மாதிரி ஓர் அடைப்புக்குள் உட்கார வைப்பார்கள். காலில் இரும்பு பிளேடு வைத்த ஷூ. (நடுநடுவே 'ஐஸ்' என்று வந்தது. ஆட்டம் முடிந்ததும் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.)

சலூனில் யாரும் ஹாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இந்தியா மெடல் வாங்குமா என்று தினமும் அடிதடி வரைக்கும் போகும்.

"புல்லு தரையில ஆடற வரைக்கும் நாமதான் ராஜா. இப்ப பிளாஸ்டிக் புல்லாமே, நம்ம பசங்க இன்னா பண்ணுவாங்க?" என்பார் குப்புசாமி அண்ணன், யாரோ ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே.

"அதுக்குத்தாண்ணே பிளேடு வெச்ச ஷூ. அறுத்துக்கினே போவான்" என்பேன் நான்.

எனக்கு எதிர்க்கட்சி பொன்னுசாமி அண்ணன். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர். வாரம் ஒரு தடவை புளியும் தேனும் விற்க இறங்கி வருவார். விற்றது போக மீதி நேரம் முழுக்க சலூன் பெஞ்சில்தான்.

"நம்ம பசங்க நல்லாத்தான் ஆடறாங்க தம்பி. கடைசி அஞ்சு நிமிஷத்துல கோட்டை வுட்டுடறாங்க. இந்த தபாவும் மெடல் வராது" என்றார் ஒருநாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெஞ்சு மேலேயே ஏறிவிட்டேன். "மெடல் வரலைன்னா என் மீசையில பாதியை எடுத்துக்கோங்க!"

சலூனில் எல்லாரும் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மீசை அப்போது ஊருக்கே தெரிந்த மீசை. விளக்கெண்ணெய் போட்டு வளர்த்தது. மூஞ்சியில் வேறு சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது.

"எந்தப் பாதி தம்பி?" என்று மட்டும் நிதானமாகக் கேட்டார் பொன்னுசாமி அண்ணன்.

"உங்க இஷ்டம்ணே!"

(வாய்க்கொழுப்பு. வேறென்ன?)

முதல் ஆட்டமே தோல்வி. மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் கடவுள் என் பக்கம் இருந்தார், அல்லது அப்படி நினைத்தேன். இடஒதுக்கீட்டுக்காக வாரம் விட்டு வாரம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். பஸ் வராது, பேப்பரும் வராது. சரியாகக் கடைசி ஆட்டம் நடந்த சமயத்தில் மறியல் ஆரம்பித்தது. டீவி இருந்த இரண்டு வீட்டிலும் திரையில் புள்ளி மழை, ரேடியோவிலும் வெறும் கரகரப்புதான். முடிவு தெரியாமல் பந்தயம் ஏது என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் சலூன் வாசலில் பொன்னுசாமி அண்ணன் நிற்கிறார். பாதி தூரம் நடந்து, பாதி தூரம் டிராக்டரில் தொத்திக்கொண்டு வந்திருக்கிறார். கையில் புளி இல்லை, தேன் இல்லை. டிரான்சிஸ்டர் மட்டும்தான்.

"மலை மேல ரேடியோ கணீர்னு எடுக்குது தம்பி. நம்மாளுங்க அரையிறுதிக்கே போவல. உக்காரு."

உட்கார்ந்தேன். இடது பக்கத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். குப்புசாமி அண்ணன் ஒரே இழுப்பு. அவ்வளவுதான், எட்டு வருஷ உழைப்பு துண்டில் விழுந்தது. மறுநாள் காலை நான் எலவனாசூர்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது!

"அண்ணே, மீதியையும் எடுத்துடுங்க, முழுசா மழிச்சிட்டுப் போயிடறேன்."

குப்புசாமி அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா பேச்சு பேசற? உங்கப்பா கல்லு மாதிரி உசுரோட இருக்காரு. முழுசா எடுக்கற கத்தி என் கடையில கிடையாது."

எங்கள் பக்கத்தில் அப்பன் செத்தால்தான் பிள்ளை மீசையை முழுசாக எடுப்பான். பாதி எடுத்தால் கிறுக்கன். முழுசாக எடுத்தால் கருமாதி. நடுவில் வேறு வழி கிடையாது.

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைப் பார்த்து முறத்தைக் கீழே போட்டாள். நான் அப்பாவின் சவரப் பெட்டியை எடுக்கப் போனதும் ஒரே ஓட்டமாக வந்து பிடுங்கினாள். "தொட்டே, நான் கிணத்துல விழுந்துடுவேன்! கழுத்துல தாலியோட நிக்கறேன்டா!"

அப்பா வாசல்படியில் உட்கார்ந்தபடி மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "டேய், மீதி இருக்கற பாதியிலதான் என் உசுரு தொங்கினு இருக்கு. பார்த்துப் பத்திரமா வெச்சிக்கோ."

பயணத்தைத் தள்ளிப் போடவும் முடியாது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இவனுக்கு ஏதோ தோஷம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். போட்டோவில் பார்த்த அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. பெயர் விஜயா.

பஸ் இல்லாததால் நானும் மாமாவும் ஒரே சைக்கிளில் கிளம்பினோம். வெட்டிப் போட்ட மரம் வரும்போதெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்ட வேண்டும். நாலாவது மரத்துக்கிட்டே ஒரு கும்பல் வழி மறித்தது.

"யாரு? எங்க?" என்று ஆரம்பித்தவர், என் மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். மேல்துண்டு போட்ட பெரியவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"டேய், எல்லாரும் வந்து பாருங்கடா! நமக்குச் சேர வேண்டியதுல பாதியைக் காணோம்னு மூஞ்சியிலேயே எழுதிக்கினு வந்திருக்கான் பாரு! மரம் வெட்டறதெல்லாம் ஒரு போராட்டமா? இதுடா போராட்டம்!"

நான் 'ஹாக்கி' என்று வாயைத் திறப்பதற்குள் மாமா என் தொடையைக் கிள்ளினார். மாமா பிழைக்கத் தெரிந்தவர். "ஆமாங்க, சொல்லச் சொல்லக் கேக்காம எடுத்துட்டான்" என்றார் உருக்கமாக. அப்புறமென்ன! என்னை மரத்து மேல் ஏற்றினார்கள். கோஷம் போட்டார்கள். தலைவருக்காக வைத்திருந்த சாமந்தி மாலையை என் கழுத்தில் போட்டார்கள். அடுத்த மரத்தில் இருந்தவர்களுக்கும் சேதி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் சைக்கிளை ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு பேர் தூக்கித் தாண்டி வைத்தார்கள். மாலையைக் கழற்றினால் சந்தேகம் வரும் என்று கடைசி வரைக்கும் கழற்றவில்லை.

பெண் வீட்டு வாசலில் இறங்கும்போதும் அது கழுத்திலேயே கிடந்தது.

விஜயாவின் அம்மா ஆரத்தித் தட்டா அழுகையா என்று தெரியாமல் நின்றார்கள். "இன்னாங்க இது, பொண்ணையே பார்க்கல, அதுக்குள்ள மாலையும் கழுத்துமா வந்துட்டாரே!" பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் நிறைந்துவிட்டது. நான் பாதி மூஞ்சியைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கைக்குட்டையை எடுக்காமல் கேசரி சாப்பிட முடியாது என்பது தட்டு வந்த பிறகுதான் உறைத்தது.

விஜயா காபி கொண்டு வந்தாள். பார்த்தாள். "மீசைக்கு இன்னாங்க ஆச்சு?" என்று நேராக என்னையே கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. பந்தயம், பொன்னுசாமி அண்ணன், அப்பாவின் உயிர், மறியல், மாலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இழந்த மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று, "நம்ம டீம்ல அந்த ஆறு பேரும் ஒழுங்கா ஆடியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"எத்தினி பேரு?"

"ஆறு பேருங்க. ஷூவுல பிளேடு இருக்கும். தப்பு பண்ணா பெட்டியில..."

விஜயா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "பதினோரு பேருங்க! விழுப்புரத்துல டீச்சர் டிரெய்னிங் படிச்சப்ப ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன். நீங்க சொல்றது ஐஸ் மேல ஆடற வேற ஆட்டம். அதுல இந்தியா ஒலிம்பிக் பக்கமே போனதில்லை!"

பூமி பிளக்கவில்லை. எவ்வளவு வேண்டியும் பிளக்கவில்லை. மாமா என் பங்குக் கேசரியையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போச்சு, நாலாவது இடமும் தட்டிப்போச்சு என்று எழுந்தேன். உள்ளே அவள் அப்பா, "கிறுக்கனாட்டம் இருக்கானேம்மா" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. அதற்கு அவள் சொன்னதும் கேட்டது.

"கிறுக்குதாம்பா. ஆனா சொன்ன வார்த்தைக்காகப் பாதியைக் கொடுத்திருக்காரு, அப்பாவுக்காக மீதியை வெச்சிருக்காரு. இந்த மூஞ்சியோட இம்மாந்தூரம் சைக்கிள்ல வந்திருக்காரு. எனக்குப் புடிச்சிருக்கு. மீசை மட்டும் முழுசா வளரட்டும், அப்புறம் தேதி குறிங்க."

மீசை வளர்ந்த வேகத்தைப் பார்த்து முகூர்த்தம் குறித்தது உலகத்திலேயே எங்கள் கல்யாணம் ஒன்றுதான். மாமனார் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பொன்னுசாமி அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு குடம் தேன் கொண்டு வந்தார். குப்புசாமி அண்ணன் மாப்பிள்ளைச் சவரத்தன்று, "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டுக் கல்யாண வீட்டையே சிரித்து உருள வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்தியா எந்த ஆட்டம் ஆடினாலும் ஒரு சடங்கு உண்டு. ஆரம்பிப்பதற்கு முன்னால் யாராவது என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்துவிடுவார்கள். நான் ஜோசியம் சொல்லிவிடக் கூடாதாம்.

டோக்கியோவில் நம் பசங்க வெண்கலம் வாங்கிய அன்று விஜயா ஒரு முழு அதிரசத்தையே திணித்தாள். கடைசி விசில் அடித்ததும் நான் வாயில் அதிரசத்தோடு அழுதேன். சந்தோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது, அதிரசமும் கொஞ்சம் அடைத்தது. விஜயா முதுகைத் தட்டிவிட்டு, முழுசாக நரைத்துப்போன என் மீசையில் ஒட்டியிருந்த எள்ளைத் துடைத்தாள்.

"இத்தினி வருஷமா மெடல் ஏன் வரலைன்னு இப்பவாவது புரியுதா?" என்றாள். "நீங்க வாயை மூடினதுக்கு வெண்கலம். இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருந்தா தங்கமே வந்திருக்கும்."