அரைக் குப்பி சடாமாஞ்சில்

பயந்தாங்கொள்ளியைக் கண்டால் ஊர் சிரிக்கும். அது நியாயம்தான். ஆனால் ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்டு ஒரு வீடே வெலவெலத்துப் போனது என் விஷயத்தில் மட்டும்தான் நடந்திருக்கும்.

தொண்ணூறுகளில் நான் நெய்யாற்றின்கரையில் ஒரு டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். கரும்பலகையைப் பார்த்து நிற்கும்வரை நான் சிங்கம். திரும்பி ஆட்களின் முகத்தைப் பார்த்தால் உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று பெயர். முதலில் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக என் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.) அடுத்த வீட்டில் சாயாவைப் பெண்ணுடைய அப்பாவின் மடியில் ஊற்றினேன். பையனுக்கு லேசாக வட்டு, அதாவது கிறுக்கு, என்று பாறசாலை முழுக்கப் பேச்சு. இன்னொரு வீட்டிலும் சொதப்பினால் எனக்குக் கல்யாணமே கிடையாது என்று அம்மா அழுதாள்.

அம்மாவின் தம்பி செல்வராஜ் மாமன் என்னை ஒரு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார். வைத்தியர் சடாமாஞ்சில் எண்ணெய் கொடுத்தார். சடாமாஞ்சில் இமயமலையில் விளைகிற வேர்; பார்க்க அழுக்கு முடிக்கற்றை மாதிரி இருக்கும். மனப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நல்லதாம்.

"குளிக்கியதுக்கு முன்ன உச்சியில ஒரு சொட்டு. பின்ன நல்லா தேச்சுக் கழுவிக் களயணும்," என்றார் வைத்தியர்.

வெளியே வந்ததும் மாமன் என் காதைப் பிடித்தார். "எலே, இது மனசுக்குள்ள மருந்தாக்கும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்பிடாது. தெரிஞ்சா வட்டுண்ணே முடிவு கெட்டிருவானுவ."

அம்பூரியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய காலையில் கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். சாதாரண மனுஷனின் பயத்துக்கு ஒரு சொட்டு என்றால் என் பயத்துக்கு அரைக் குப்பியாவது வேண்டாமா? கழுவினால் மருந்து போய்விடுமே என்று கழுவவும் இல்லை. அழுத்தி வாரி, சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப்புக்காக நின்றபோது, மீன் விற்கிறவளின் காலடியில் கிடந்த பூனை வாயிலிருந்த சாளை மீனைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி வந்தது. மீனைப் போட்டுவிட்டு வருகிற பூனையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"எலே, ஒனக்க மண்டையில என்ன, அடச்சுக் கெடந்த பெட்டிய தொறந்த மாதிரி ஒரு மணம்?" என்றார் மாமன்.

"வேர்வை மாமா," என்றேன்.

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ரப்பர்க் காட்டுக்குள் நடக்க வேண்டும். நல்ல பகல். ஆனாலும் உள்ளே வெளிச்சம் செத்துக் கிடந்தது. காற்றே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, மரத்துக்கு மரம் பால் வடியக் கட்டிய சிரட்டை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். பாதையில் பூனைகள். ஒன்றிரண்டு அல்ல. நாங்கள் நின்றதும் அவையும் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மாமன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவருக்கு மறந்துபோனது. மிச்சத்தை இருவரும் ஓட்டமாகவே முடித்தோம்.

பெண்ணின் அப்பா முந்தைய மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். வீட்டில் அம்மாவும் மகள் ஸ்டெல்லாவும் மட்டும். அம்மா முற்றத்துக்கே வந்து கூப்பிட்டார். உள்ளே அழைத்துப்போய் இருந்ததில் நல்ல நாற்காலியாக, பிரம்பு பின்னிய ஒரு சூரல் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். "வழியில சங்கடமொண்ணும் இல்லியே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். மூக்கு விடைத்தது. முகம் வெளுத்தது.

"அவரு வந்திருக்காரு," என்றார் மெதுவாக. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செத்துப்போன புருஷனின் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

அடுக்களையில் ஏதோ விழுந்து உருண்டது. அதே நேரம் ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை வாசலில் வந்து நின்றது. அது செத்தவருடைய பூனை. அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அது நேரே வந்தது, என் மடியில் ஏறியது, தோளில் ஏறியது, என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து எச்சில் ஒழுக உரசியது. மற்ற பூனைகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த அம்மா கைகூப்பி என் முன்னால் நின்றார். "இப்பமாவது நல்லா ஒறக்கம் வருதா?"

வெப்ராளம் உச்சத்தில் இருந்தது. கேள்வி என்னிடம் என்றே நினைத்தேன். தொண்டையிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"இல்ல. ராத்திரி முச்சூடும் முழிச்சுதான் கெடந்தேன்."

அந்த அம்மா வீறிட்ட வீறலில் மாமன் முற்றத்துக்கே போய்விட்டார். (என்னை விட்டுவிட்டு.)

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். வெட்கமோ தயக்கமோ கிடையாது. தேங்காயைப் பார்த்து வாங்குவதுபோல என் தலையைத் திருப்பினாள், முகர்ந்தாள்.

"அம்மா, நெலவிளிக்காதிய. இது அப்பாக்க எண்ணெ. சடாமாஞ்சில். பூனைக்கி இந்த மணம் உயிராக்கும்." பிறகு என்னிடம், "எத்தற தேச்சிய?"

"அரைக் குப்பி."

"கழுவல்லியா?"

"இல்ல."

முற்றத்திலிருந்து மாமன் கத்தினார். "அது சளிக்குப் போட்டது பிள்ளே!"

"சளிக்கில்ல. பேடிக்கி," என்றாள் ஸ்டெல்லா. பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம்.

முடிந்தது என்று நினைத்தேன். எது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதோ, அது பெண்ணுக்கே தெரிந்துவிட்டது. அவமானத்தில் அழுகை வந்தது. பூனை தலையில் இருந்ததால் குனியக்கூட முடியவில்லை.

அவள் அம்மாவிடம் சொன்னாள். "அப்பாவுக்கும் பேடிதான். செத்தாலும் சொல்லமாட்டாரு. குப்பிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சாரு. கடேசிவரை ஒத்தைக்கே பேடிச்சாரு. இவரு தலையோட ஊத்திட்டு நாடறிய வந்திருக்காரு. எனக்கு இது மதி, இவரு போதும்."

பெண் பார்க்கப் போன இடத்தில் கிணற்றடியில் உட்காரவைத்து, பயற்றம் பொடி போட்டு, மாமன் தண்ணீர் கோரி ஊற்ற, தலை கழுவப்பட்ட மாப்பிள்ளை நான். ஈரத் தலையோடுதான் கல்யாணத் தேதியைப் பேசினோம்.

இன்றும் அம்பூரி வீட்டில் நான் படி ஏறினால் மாமியார் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் பேசுவார். "ஆரு வந்தது? மருமோனா, அவரா?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே அந்தச் சூரல் நாற்காலியில் உட்காருவேன்.

போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். மாமியார் மட்டும் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். "இண்ணைக்கி எண்ணெ கொஞ்சம் கூடுதலாக்கும், மருமோனே," என்றார்.

ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தாள். அது வழுக்கை விழுந்து, எண்ணெயை மறந்து பல வருஷமாகிறது. வாசலில் ஒரு பூனை வந்து நின்றது.