ஆடி மாதத்தில் வளர்ந்துவிட்ட பன்றிக்குட்டி

ஒரு காட்டில் ஒரு பன்றியம்மாவுக்குப் பெரிய அநீதி நடந்தது. ஆடி பிறந்ததிலிருந்து அவள் மகனை நடிக்க ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த அம்மா என் அம்மா. கூப்பிடப்படாத நட்சத்திரம் என் தம்பி, மாஸ்டர் வரியழகன். நியாயம் கேட்கப் புறப்பட்டவள் நான். காட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். எதிரில் ஆள் இல்லாவிட்டால் மரத்தோடாவது வாதாடுவேன்.

ஆடியில் எங்கள் காட்டில் யாரும் புதுப்படத்துக்குப் பூஜை போடுவதில்லை. இது யானைக்கும் எலிக்கும் பொதுவான வழக்கம். அம்மா மட்டும் இதைத் தனக்கென்றே யாரோ செய்த சதி என்றாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். சதி என்றால்தானே போராடலாம்?

தம்பியின் மேனேஜர் காக்காயின் மரத்தடியில் நின்று கத்தினேன். “குழந்தையை வேலைக்குக் கூப்பிடுவது சுரண்டல்! கூப்பிடாமல் இருப்பது அதைவிடப் பெரிய சுரண்டல்!”

காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தது. “இதுல எதுக்கும்மா நான் பதில் சொல்லணும்?”

எனக்கும் தெரியவில்லை. “ரெண்டுக்கும்!” என்றேன்.

“ஆவணியில கரடி சார் படம் ஆரம்பிக்குது. ஹீரோவோட சின்ன வயசு வேஷம் உன் தம்பிக்குத்தான். முதுகுல வரி மட்டும் அப்படியே இருக்கட்டும். வரி போச்சுன்னா வேஷமும் போச்சு.”

பன்றிக்கு முதுகில் வரி இருப்பது குட்டிப் பருவத்தில் மட்டும்தான். வளர வளர மறைந்துவிடும். ஆகவே, ஆடி முடியும்வரை தம்பி வளரக் கூடாது என்று வீட்டில் முடிவானது.

சேற்றில் புரளத் தடை. கிழங்கில் பாதிதான். வாயைத் திறந்தால், “மழலையாப் பேசுடா!” என்று அம்மா அதட்டினாள்.

குளக்கரையில் இன்னொரு குழந்தை நட்சத்திரமான பேபி துள்ளியின் அம்மா மான் எங்களைப் பிடித்துக்கொண்டது. “என்னக்கா, பையனை வெளியிலயே காணோம்?”

“எங்க? மூச்சுவிட நேரமில்ல. கதை கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“எங்க பாப்பாவும் அதேதான். டேட் இல்லன்னு எல்லாரையும் திருப்பி அனுப்புறோம்.”

மூச்சுவிட நேரமில்லாத இரண்டு அம்மாக்களும் பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடிக் கடைசியில் வரி மங்கத் தொடங்கியது. அம்மா அழுதாள். “அவ்ளோ படிக்கிறியே, ஏதாவது பண்ணுடி!”

பண்ணினேன். வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் தம்பி முதுகில் கோடு இழுத்தேன். குழந்தை உரிமை பற்றி ஆய்வேடு எழுதும் அதே காலால்தான். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

“அக்கா, நான் பெரியவனாயிட்டேன்க்கா.”

“ஆடாம நில்லுடா. ஆவணிக்கு அப்புறம் ஆகிக்கலாம்.”

ஆவணி பிறந்தது. டைரக்டர் கரடி சார் தம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “அடடா, அப்படியே இருக்கானே!” என்று ஆசையாக முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பக்கத்திலிருந்த மரத்தைப் பார்த்தேன்.

கரடி சார் குனிந்தார். “ஏன் தம்பி, ஒரு மாசமா காட்டுல ஷூட்டிங்கே இல்லையே. வீட்ல என்ன பண்ணிட்டிருந்தே?”

“ரெஸ்ட்டுதான் சார்! நல்லா ரெஸ்ட்!” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

தம்பி மறுப்பாகத் தலையை ஆட்டினான்.

“இல்ல சார். சின்னப் பையனா நடிச்சிட்டிருந்தேன். ஒருநாள்கூட பிரேக் விடல.”

நீதி: வேலையில்லாத மாதத்தில் பிள்ளைகளை வளரவிடாதீர்கள். வளர்ந்தால் ஒன்று, உண்மை பேசுவார்கள். இல்லையேல் என்னைப்போல் முதுகலை படிப்பார்கள்.