அப்பளத்தோடு காய்ந்த மதர்போர்டு

கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படிப்பவர்கள்தான் அந்தக் கூட்டம். மூன்றாம் வருஷம் வந்ததும் அந்த அறிவு எப்படியோ வடிந்துவிடும். இந்தச் சம்பவம் நடந்தபோது நான் இரண்டாம் வருஷத்தில் இருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். அப்பா மெயின் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். பைக்கோ ஆட்டோவோ டிராக்டரோ, எது வந்தாலும் நுரை போட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் காற்று அடித்து, ஷோரூமில் இருந்து இப்போதுதான் வந்ததுபோல் அனுப்பி வைப்பார். அம்மா வீட்டிலேயே அப்பளம் இடுகிறாள். முன்னறையில் ஒரு மூலையில் அம்மாவின் பலகையும் உளுந்து மாவும். எதிர்மூலையில் எங்கள் கம்ப்யூட்டர். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டியதை அண்ணன் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் தூக்கி வந்தது.

அதில் நானும் மணியண்ணனும் கார் ரேஸ் விளையாடுவோம். ஒரே கீபோர்டு. வலது பக்கம் அவனுக்கு, இடது பக்கம் எனக்கு. நான் ஜெயிக்கப் போகிற நேரத்தில் அவன் முழங்கை தற்செயலாக என் பக்கம் வந்துவிடும். (தற்செயலாம்! ஒரு நாளைக்கு எத்தனை தற்செயல்?)

பிறகு அவன் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு குவைத் போனான். போன நாள் முதல் அவனுடைய போன் பேச்சு சுருங்கிப்போனது. அம்மா, "சாப்ட்டியாலே?" என்பாள். "சாப்ட்டேன்." "வேலையெல்லாம்?" "நல்லாருக்கு." "உடம்பு?" "நல்லாருக்கு. வச்சிரட்டுமா?" அவ்வளவுதான். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் கார் ஓட்டும்போது மட்டும் அவனுக்கு வாய் திறந்தது. ரூமில் ஒருவரிடம் லேப்டாப் இருந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அவன் அங்கே இருந்தும் நான் இங்கே இருந்தும் இணையத்தில் ரேஸ் ஓட்டுவோம். நான் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். கண்ணும் கையும் ரோட்டில் இருக்கும்போது அவன் தன்னையறியாமல் பேசுவான். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, மொட்டைமாடி வெயிலில் ஏ.சி. மாட்டப் போய்க் கை கொப்புளம் வந்து பொத்துப்போனது, சாம்பார் என்ற பெயரில் மெஸ்ஸில் ஊற்றுவது, எல்லாம் வரும். நான் பாதியைத்தான் அம்மாவிடம் சொல்வேன். கை பொத்ததைச் சொல்ல மாட்டேன்.

அந்த விளையாட்டு புதுப்பிக்கப்பட்டபோது வந்தது வினை. எங்கள் கிழட்டு கம்ப்யூட்டரால் அதை இழுக்க முடியவில்லை. என் கார் முன்னால் போகும், ரோடு கொஞ்ச நேரம் கழித்து வந்து சேரும். அண்ணன் ஜெயித்துவிட்டு எல்லைக்கோட்டில் நின்று, "பைய வாட்டி, அவசரமில்ல" என்பான். சில வாரம் கழித்து, "விடுட்டி, பாவம், அதப் போட்டு வதைக்காத" என்று ஓட்டுவதையே நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமையும் 'சாப்ட்டேன், நல்லாருக்கு, வச்சிரட்டுமா' என்று ஆகிவிட்டது.

எனக்கு அது தாங்கவில்லை. அவன் பேச வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. 'குறைந்த செலவில் கேமிங்' என்று பேசுகிற வீடியோ ஒன்று விடாமல் பார்த்தேன். கொஞ்சம் ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி., செகண்ட் ஹேண்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. இந்த மூன்றும் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்று முடிவு கட்டினேன். கூடவே பவர் சப்ளையையும் மாற்றுங்கள், பழசு தாங்காது என்று எல்லா வீடியோவிலும் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். அது வியாபாரத் தந்திரம் என்று எனக்குத் தோன்றியது. (இரண்டாம் வருஷம்!)

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. அண்ணன் வீட்டில் இல்லாத முதல் பூஜை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்ப வாங்கி வையி. இந்தத் தடவை ரோடு எனக்கு முன்னாலயே வந்துரும்" என்று அவனிடம் சவால் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே கம்ப்யூட்டரைக் காணோம். இத்தனை வருஷமாக ஃபேன் உறிஞ்சிய உளுந்து மாவு, தூசியோடும் ஈரத்தோடும் சேர்ந்து, பச்சை போர்டின் மேல் படிந்து இறுகிக் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "நல்ல பதமால்லா இருக்கு" என்றாள்.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கேபினட்டைத் தூக்கி அப்பாவின் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே காற்று அடிக்கும் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்பதால் அம்பாசமுத்திரம் வரைக்கும் உள்ள வண்டியெல்லாம் அப்பா கடை வாசலில் நின்றதுபோல் இருந்தது. அப்பா முழங்கால் வரை நனைந்து நின்றார்.

"யப்பா, இதுக்குக் காத்து அடிச்சு வைங்க. நான் திருநெல்வேலி போயி கார்டு வாங்கிட்டு வாரேன். உள்ள ஒரு பொட்டு மாவு இருக்கக் கூடாது. இருந்தா அம்புட்டும் வீணாப் போயிரும். மணியண்ணன் நாளைக்குக் காத்துக்கிட்டு இருப்பான், பாத்துக்கோங்க."

இந்த உத்தரவை நான் எந்தத் தோரணையில் போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒரு கையை இடுப்பில் வேறு வைத்திருந்தேன்.

"அண்ணனுக்குன்னா விட்டுருவனா? நீ போயிட்டு வாட்டி" என்றார் அப்பா.

திருநெல்வேலியில் மூன்றையும் வாங்கி, பழைய டிஸ்க்கில் இருந்ததை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிக்கொண்டு, கார்டை மட்டும் துண்டில் சுற்றி, திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். நின்றபடி வந்த ஒரு அம்மாள் பத்தமடை தாண்டியதும் குனிந்து, "பச்சப்புள்ளயாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தூங்குது" என்றேன்.

கடைக்குள் நுழைந்தேன். வரிசையில் கழுவி முடித்த பைக்குகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றன. கடைசிப் பைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் எங்கள் கேபினட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. அதன் கீழ் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யப்பா... இதுக்கு... தண்ணியா அடிச்சீங்க?"

அப்பா முகத்தில் அவ்வளவு பெருமை. "காத்துக்கு அசையல பாத்துக்கோ. உளுந்து மாவுல்லா! அப்படியே சிமிண்டு மாதி ஒட்டிக்கிட்டு. நீ ஒரு பொட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அதான் நுரை போட்டு ஊறவச்சு அடிச்சேன். பயப்படாத, வயர் போற எடமெல்லாம் பாலித்தீன் கவர் கட்டிட்டுத்தான் அடிச்சிருக்கேன். அண்ணனுக்குன்னு சொன்னியேன்னு ஷாம்பு கூட நல்லதாப் போட்டேன்."

உள்ளே பார்த்தேன். பவர் சப்ளை பெட்டியின் வாய்க்கு ஒரு கவர், பின்பக்கத் துளைகளுக்கு ஒரு கவர், ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, குழந்தைக்குக் குல்லா மாட்டிய மாதிரி. மதர்போர்டு மட்டும் திறந்த மேனியாகக் குளித்திருந்தது. இவ்வளவு சுத்தமான மதர்போர்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் அழுதுவிட்டேன். பைக் எடுக்க வந்தவர்கள் முன்னால், கிராஃபிக்ஸ் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓவென்று. அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு அவன் பேச மாட்டானாட்டி?" என்று மெல்லக் கேட்டார். கம்ப்யூட்டர் போச்சா என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு அப்பா மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அதற்கே காற்று அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா ஒரே பார்வையில் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். "ஈரத்த எங்கிட்ட விடு" என்றாள். போர்டைத் தனியாகக் கழற்றச் சொல்லி, மொட்டைமாடியில் அப்பளம் காயும் துணியில் ஓர் ஓரமாக வைத்தாள். அப்பளத்தைத் திருப்பும்போதெல்லாம் அதையும் திருப்பினாள். பவர் சப்ளை பெட்டி பக்கத்தில் தனி முறத்தில் கிடந்தது. புரட்டாசி வெயிலை நம்ப முடியாது. மலைப் பக்கம் கறுத்துத் தூறல் விழுந்ததும் மூன்று பேரும் படியில் ஏறி ஓடினோம். நானும் அப்பாவும் அப்பளத்தை அள்ளினோம். அம்மா மதர்போர்டை முந்தானையில் பொதிந்துகொண்டு இறங்கினாள். (அப்பளம் பாதி நனைந்துவிட்டது. அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.)

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மறுபடி வெயில் காட்டி, எல்லாவற்றையும் பூட்டி, வாங்கி வந்த மூன்றையும் மாட்டினேன். அம்மா கேபினட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். புத்தகம், அருவாமனை, அப்பளப் பலகை எல்லாவற்றுக்கும் அது உண்டு. வண்டிக்கு மட்டும் விலக்கு. எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஒரு சுற்று ஓட்டியாக வேண்டும்.

"இது எதுல சேத்தி?" என்று அப்பா கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "வண்டிதான். எம்புள்ள ஓட்டுதான்லா" என்று சொல்லி, கேபினட்டின் முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அப்பா அதைக் காலால் நசுக்கினார்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட வேண்டிய நேரம். சுவிட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் விளையாட்டு வந்தது. ரோடு வந்தது! காருக்கு முன்னாலேயே வந்தது. "யம்மா, ஓடுது!" என்று கத்தினேன். அடுத்த நொடி பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. பின்பக்கத்திலிருந்து சன்னமாகப் புகை வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா, "என்னட்டி தீயுது? சுண்டல எறக்கிட்டனே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கட்டி, ரெடியா? நான் லேப்டாப்ப வாங்கி வச்சு உக்காந்துருக்கேன்."

"யண்ணே, அப்பா கம்ப்யூட்டர வாட்டர் வாஷ் பண்ணிட்டாங்க."

"என்னது?" என்றான் அண்ணன்.

"கவர் கட்டித்தாம்லே அடிச்சேன்" என்றார் அப்பா போனைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில்.

சிரிப்பு அப்போது தொடங்கியது. என் அண்ணன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தான். "ஷாம்பு போட்டீங்களாப்பா?" என்று கேட்டான். "போட்டேன்லே" என்றதும் இன்னும் சிரித்தான். முதலிலிருந்து சொல்லச் சொன்னான். நான் சொன்னேன். அப்பா குறுக்கே புகுந்து தன் பக்க நியாயத்தைச் சொன்னார். தூறலில் ஓடியதை அம்மா சொன்னாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு அவன் பேச ஆரம்பித்தான். போகும்போது அம்மா மடித்துக் கொடுத்த குங்குமத்தை அன்று காலையில் தன் டூல் பைமேல் பொட்டாக வைத்ததைச் சொன்னான். போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்ததையும், நாங்கள் பயப்படுவோம் என்று மறைத்ததையும் சொன்னான். வீட்டு ஞாபகம் வந்தால் போனில் பேசக் குரல் வராது, அதனால்தான் சீக்கிரம் வைத்துவிடுவேன் என்றான். சுண்டல் ஆறிப்போகிறவரை நாங்கள் மூன்று பேரும் நசுங்கின எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தோம். அன்று 'வச்சிரட்டுமா' என்று அவன் கேட்கவே இல்லை.

கொஞ்ச நாளில் புதுப் பவர் சப்ளை வாங்கிப் போட்டேன். மற்றதெல்லாம் ஒன்றும் ஆகாமல் அருமையாக ஓடின. பழைய பெட்டி போனது தண்ணீராலா, இல்லை வீடியோக்காரர்கள் பேச்சை நான் கேட்காததாலா என்பதில் வீட்டில் இன்றும் வழக்கு நடக்கிறது. "எங்கிட்ட கழுவுன வண்டி எதுவும் ரோட்டுல நின்னதில்ல. அது உன் கஞ்சத்தனத்துல போச்சு" என்பது அப்பாவின் வாதம். உண்மையும் அவர் பக்கம்தான் இருக்கும் என்று மூன்றாம் வருஷத்தில் எனக்குப் புரிந்தது.

ஓடுகிறது என்று அண்ணனிடம் சொல்லப் போனை எடுத்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லாதட்டி. கம்ப்யூட்டர்னா நீ காதுல அத மாட்டிக்கிடுத. அவன் உங்கிட்ட மட்டும் பேசுவான். இதுன்னா எங்களுக்கும் கேக்குல்லா."

அந்த ஹெட்போனை நான் ஒரு நாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் கேட்கும்போதெல்லாம், போர்டு இன்னும் காயவில்லை என்றே சொல்லி வந்தோம். அவன் லீவில் வந்தபோது கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுவதைப் பார்த்தான். போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் ஈரமாம்மா?" என்று கேட்டான். அம்மா அப்பளத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. இப்போது நாங்கள் ரேஸும் ஓட்டுகிறோம், ஸ்பீக்கரில்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை போன் வந்தால் அவனுடைய முதல் கேள்வி அதேதான். "என்னம்மா, மதர்போர்டு காஞ்சிட்டா?"

அம்மாவும் பலகையிலிருந்து கையை எடுக்காமலே குரல் கொடுக்கிறாள். "எங்கலே காஞ்சுது? இன்னும் ஈரந்தான். நீ பேசு."