கண்ணாடியில் இருந்த இன்னொரு அண்ணன்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அண்ணி சுகம், என் முகமும் சுகம். முகத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

போன முறை நாலு நாள் இருக்க வந்த நீ, அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டாய். "அண்ணன் மூஞ்சியப் பாத்தா 'எப்பக் கிளம்புவே'ன்னு கேக்குற மாதிரியே இருக்கு அண்ணி" என்று வாசலில் நீ சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு நீ வரவேயில்லை. அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் அம்மா. காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் இல்லாதவர்களை முறைத்து முறைத்து வாயோரம் இரண்டும் தொங்கிவிட்டன. உள்ளே சிரித்தாலும் வெளியே அபராதம்தான் தெரிகிறது.

அதனால் முகத்தைத் தூக்கி நிறுத்தும் டாக்டரம்மாவிடம் போனேன். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்க உங்களுக்கு டாக்டர் வேறயா?" என்று கேட்டபடியே உன் அண்ணியும் வந்தாள்.

டாக்டரம்மா என் கன்னத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார். "வாயோரம் மடிஞ்சிருக்குன்னு அங்கயே ரொப்பினா மூஞ்சி பன்னு மாதிரி உப்பிடும் சார். வயசானா எலும்பு தேயும், கன்னத்துக் கொழுப்பு கீழ இறங்கும். கூடாரம் சரிஞ்சா துணியையா இழுப்போம்? கம்பத்தானே நிமித்துவோம்? கன்ன எலும்பு மேல, ஆழத்துல, ஃபில்லர்னு ஒரு ஜெல்லி கொஞ்சமா வைக்கணும். ஓரம் தானா ஏறும்." தாடையில் ரத்தக்குழாய் துடிக்கும் இடத்தை விரலால் தேடி, அந்தப் பக்கம் ஊசி போகாது என்றார். "'மூஞ்சியில என்ன பண்ணீங்க'ன்னு யாராவது கேட்டா நான் தோத்தேன். 'நல்லாத் தூங்குனீங்களா'ன்னு கேட்டா ஜெயிச்சேன்."

மரத்துப்போகும் களிம்பைத் தடவி, நாற்காலியைச் சாய்த்தார்கள். மேலே பால் போல ஒரு விளக்கு. அவர் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தார். நிற்காத ரயில் ஸ்டேஷனைத் தாண்டுவது போல அந்தக் குரல் தூரத்தில் போயிற்று. கன்னத்தில் ஓர் எறும்பு நடந்தது. பிறகு கண்ணாடியை நீட்டினார்கள். அதில் உனக்கு இன்னொரு அண்ணன் இருந்தான், 'வா, உட்கார்' என்று சொல்லும் முகத்தோடு.

அன்று முதல் தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கிறது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று கண்ணாடி பார்ப்பதில்லை, சவரம்கூட சலூனில் கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனால் எதிரில் வருபவர்களைப் பார்த்தால் முகம் தானாக மலர்கிறது, இத்தனை நாள் பேசாத மாடிவீட்டுக்காரர் சாவியைக் கையில் திணித்துவிட்டு ஊருக்குப் போகிறார், தையல்காரர் அளவெடுப்பதை விட்டுவிட்டு மாமியார் கதையைத் தொடங்குகிறார், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார், எழுப்ப மனம் வராமல் கடைசி நிறுத்தம் வரை போனேன், அங்கே வெயில் மரங்களுக்கிடையே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, அவர் கண் விழித்து, "மன்னிச்சுக்கங்க சார். நீங்களாவது நல்லாத் தூங்குனீங்களா?" என்றார். டாக்டரம்மா ஜெயித்துவிட்டார்!

ஆகவே தைரியமாகப் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரம்மா வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். "ஃபில்லர் வைக்க எப்ப சார் வர்றீங்க? அன்னிக்கி, வச்சா எப்படி இருக்கும்னு காட்ட வெறும் உப்புத்தண்ணிதானே போட்டேன்? சாயங்காலமே வடிஞ்சிருக்குமே!" உன் அண்ணி அன்று அங்கே பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாம் கேட்டவள். "ஏண்டி சொல்லல?" என்றேன். "சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் எதுக்கு வாயக் குடுத்துக் கெடுக்கணும்?" என்கிறாள். இப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். அதே பழைய டிக்கெட் பரிசோதகர். ஆகையால் நீ வந்து இறங்கும்போது கதவைத் திறக்கப்போவது அந்தத் தொங்கின முகம்தான். பயந்து திரும்பிவிடாதே. பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிரு. சிரிப்பு வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.