மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும் அப்பா

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மருமகளும் நலம் என்று முதல் வரியில் எழுதவேண்டியது முறை, எழுதிவிட்டேன். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பவேண்டியதும் முறை, நம்பிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

போன மாதம் நீ போனில் கேட்டாயே, "பொண்ணை என்கிட்ட அனுப்பிடுடா, எங்க ஸ்கூல்லயே சேர்த்துக்கிறேன், தனியா அவளை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற" என்று. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்: சரி. வந்து கூட்டிக்கொண்டு போ. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுவாய், நான் "சரி சரி, வச்சிடு" என்பேன், விஷயம் பாதியில் நிற்கும். கடிதம் என்றால் நீ உன் வீட்டில் அழுதுகொள்ளலாம், நான் என் வீட்டில் பார்த்துக்கொள்வேன்.

நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இத்தனைக்கும் காரணம் நீதான். அவள் அம்மா இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் உன் மருமகள் என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை: "சரி", "வேணாம்", "தெரியல". வீட்டுக்குள் நுழைந்தால் நேராக அவள் அறை, அறைக்குள் போனால் கதவு சாத்தல், கதவுக்குப் பின்னால் நீ உன் பள்ளி நூலகத்திலிருந்து மூட்டை மூட்டையாக அனுப்பும் இளையோர் நாவல்கள். நான் உன்னிடம் புலம்பினேன். நீ என்ன சொன்னாய்? "அவ என்ன படிக்கிறாளோ அதை நீயும் படிடா, பேச ஒரு விஷயம் கிடைக்கும்" என்றாய். அவள் பள்ளிக்குப் போனதும் எடுத்து, அவள் வருமுன் வைத்த இடத்தில் வைத்து, திருட்டுத்தனமாகப் பதினாறு புத்தகம் படித்தேன். பதினாறிலும் அப்பா ஒன்று செத்துப்போயிருக்கிறார், அல்லது குடிக்கிறார், அல்லது ஓடிப்போய்விட்டார். நான் பார்த்தவரைக்கும் செத்துப்போன அப்பாவுக்குத்தான் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை. உருப்படியாக ஓர் அப்பாவை வைத்து யாராவது எழுதக்கூடாதா என்று யோசித்தேன். யாரும் எழுதாவிட்டால் நாமே எழுதினால் என்ன என்று அடுத்த யோசனை வந்தது. புத்தகமாக வந்தால் அவள் படிப்பாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் படிப்பாள். என்னோடுதான் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாமல் என்னோடு இருநூறு பக்கம் இருப்பாள். அக்கா, நாற்பத்தெட்டு வயதில் லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தன் நாவல் எழுத ஆரம்பித்தது இப்படித்தான், வேறு பேராசை எதுவும் இல்லை.

தெரிந்ததைத்தானே எழுத முடியும்? எனக்குத் தெரிந்தது லிஃப்ட். பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறாள். அதுதான் கதை. அந்த வயசுப் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள, பஸ்ஸில் இரண்டு பெண்களுக்குப் பின் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்து நாற்பது நிமிஷம் காது கொடுத்தேன். "ஏய்." "என்ன." "ஒண்ணுமில்ல." "போடி." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார்கள். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு இருபத்துமூன்று அத்தியாயம் எழுதியவன் நான். கம்பெனியில் பழைய சர்வீஸ் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கழித்துப்போட்டார்கள். முன்பக்கம் நிரப்பியிருக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தில் எழுதினேன். யாருக்கும் தெரியாமல், மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல், எட்டு மாதம்.

பின்பக்கத்தில் எழுதும் அந்தப் பழக்கம்தான் வினையாய்ப் போயிற்று. ஒருநாள் ஒன்பது மாடிக் குடியிருப்பில் மாதாந்திர சோதனை. மேலே மெஷின் ரூமில் நின்றபோது எனக்கு இரண்டாம் அத்தியாயத்துக்கு ஒரு வழி கிடைத்தது. மறந்துவிடுமே என்று கையிலிருந்த புது ஷீட்டின் பின்பக்கத்திலேயே கடகடவென்று எழுதினேன். அப்புறம் முன்பக்கத்தில் "எல்லாம் சரியாக உள்ளது" என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஞாபகமில்லாமல் அதையே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனுஷன் எதையும் இரண்டு பக்கமும் படிக்கிற ஜாதி. பின்பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? "மூன்றாவது ரோப்பும் அறுந்தது. இனி ஒரே ஒரு ரோப். இது அவருக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை." அவ்வளவுதான், லிஃப்டைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு நாள் ஒன்பது மாடியும் படியேறியது. முழங்கால் ஆபரேஷன் செய்த வாத்தியார் ஒருத்தர் எட்டாம் மாடியில் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே என் பெயரைச் சொல்லித் திட்டினாராம். மானேஜர் கூப்பிட்டார். "என்னய்யா இது?" "கதை சார்." "எந்தக் கதை?" "இளையோர் நாவல் சார்." அவர் ஷீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அதற்கு நான் "மெமோ கொடுங்க சார், வாங்கிக்கிறேன்" என்றேன். கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

எப்படியோ முடித்து, ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து நேரில் வரச்சொல்லிக் கடிதம். தலைகால் புரியாமல் ஓடினேன். அவர்கள் கட்டடத்து லிஃப்டில் கதவு முழுசாக மூடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா போக என்னால் முடியுமா? சரிசெய்துவிட்டு, கையில் கிரீஸோடு உள்ளே போனேன். பெரிய கண்ணாடி போட்ட சின்னப் பெண்தான் பதிப்பாசிரியர். "சார், நீங்க லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவரா, கதை அனுப்பினவரா?" என்று கேட்டாள். "ரெண்டும் நான்தாம்மா" என்றேன்.

"பொண்ணு லிஃப்ட்ல மாட்டுறது நல்லா இருக்கு சார்" என்று ஆரம்பித்தாள். "ஆனா மூணாவது அத்தியாயத்துலயே அப்பா வந்து கதவைத் திறந்துடுறாரே?"

"அப்பான்னா வரணும்தானேம்மா."

"வரட்டும் சார். ஆனா அதுக்கப்புறம் இருபது அத்தியாயம் எல்லாரும் வீட்ல சௌக்கியமா இருக்காங்க. அம்மா டீ போடுறாங்க. அப்பா டீ குடிக்கிறார். பொண்ணு ஹோம்வொர்க் பண்றா. யாருக்கும் எதுவுமே ஆகல."

"ஆகக்கூடாதுன்னுதானேம்மா எழுதுறதே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்பாவை லேட்டா வரவைங்க சார். அப்பதான் கதை."

"எவ்வளவு லேட்டா?"

"ரொம்ப."

என்னால் முடியாது அக்கா. ஒன்பது தடவை எழுதிப் பார்த்தவன் நான். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் மூன்றாம் அத்தியாயத்திலேயே படியேறி ஓடிவந்துவிடுகிறான், பிடித்து நிறுத்த முடியவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தாள்கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினாள். "ஆனா இந்த அறுபத்தொண்ணாம் பக்கம் இருக்கே சார், இதுதான் உங்க நாவல்லயே உண்மையான பக்கம். இந்த மாதிரியே முழுசும் எழுதுங்க, நாங்க போடுறோம்" என்று சொல்லி வாசித்தும் காட்டினாள். "புகார் வந்த நேரம் 3.10. உள்ளே ஒருவர், வயதான பெண்மணி. பிரேக் இறுகியிருந்ததால் லிஃப்டைக் கையால் இறக்கத் தாமதம். விடுவித்த நேரம் 4.40. குறிப்பு: அம்மையார் மிகவும் பயந்திருந்தார். இடையிடையே மெஷின் ரூமிலிருந்து இறங்கிவந்து கதவருகில் நின்று பேச்சுக் கொடுக்கவேண்டியிருந்தது. அழைப்புகளை எடுக்காததற்குக் காரணம்: செல்பேசி கீழே கருவிப்பையில் இருந்தது."

ஜெராக்ஸ் கடைக்காரன் அந்த ஒரு தாளை மட்டும் திருப்பிப்போட்டுவிட்டான். கதைப் பக்கத்துக்குப் பதில் சர்வீஸ் ஷீட் போயிருக்கிறது. மேல் மூலையில் தேதி இருந்தது. உன் மருமகளின் அம்மா போன நாள், அக்கா. இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்று எனக்குப் பதினேழு தடவை போன் போட்ட நேரம், நான் யாரோ ஓர் அம்மாவிடம் "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "எங்கப்பா போனீங்க?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "வேலைல இருந்தேன்" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொன்னாலும் சாக்குச் சொல்வதுபோலத்தானே இருக்கும்.

"யார் சார் இந்த மெக்கானிக்? இவரைப் பத்தி எழுதுங்க" என்றாள் அந்தப் பெண். நான் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இறங்கும்போது லிஃப்ட் கதவு நன்றாக மூடியது, அது ஒன்றுதான் அன்றைக்கு ஆன காரியம். போன திங்கட்கிழமை மூலம், பிரதி எல்லாவற்றையும் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இல்லை, பழைய பேப்பர்காரர் கொண்டுபோய்விட்டார். சனி விட்டது. இனி நான் எழுதப்போவதில்லை. லேட்டாக வந்தவன் லேட்டாக வந்தவன்தான், அதை எந்த அத்தியாயத்தில் போட்டாலும் மாறாது. இருபத்துமூன்று அத்தியாயம் எழுதியும் அவளை ஒரு வார்த்தை பேசவைக்கத் துப்பில்லாதவன் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உன் வீட்டிலாவது அவள் நாலு வார்த்தை பேசட்டும். அடுத்த வாரமே வா. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நாலு நாளாக ஓடவில்லை, ஐந்து மாடி, பெரிய பெட்டி கொண்டுவராதே. நாவல் எழுதிய விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது, சத்தியம் பண்ணு.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முட்டிவலி குறைய வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், வருவதெல்லாம் வழக்கம்போல இங்கேயே வரட்டும்.

இப்படிக்கு,
உன் அருமைத் தம்பி

பின்குறிப்பு: அத்தை, இதை நான் எழுதுறேன். கவரை ஒட்டாம வச்சிட்டு அப்பா ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். முழுசும் படிச்சிட்டேன், தப்புதான். ஆனா இதுல பாதி பொய்யா இருக்கு, அதனால திருத்தணும். யாருக்கும் தெரியாம எழுதினாராம். தினமும் ஷேவ் பண்ணும்போது ரெண்டு பொண்ணுங்க குரல்லயும் மாத்தி மாத்திப் பேசிப் பார்ப்பார், கீழ் வீட்டுக்காரங்க என்கிட்ட "உங்க வீட்டுக்கு யார் வந்திருக்காங்க?"ன்னு கேட்டாங்க. நான் மூணு வார்த்தைதான் பேசுறேனாம். அவர் பேசுறது ரெண்டுதான், "சாப்பிட்டியா", "கதவைச் சாத்திக்கோ". அதான் சாத்திக்கிறேன். பழைய பேப்பர்காரர் திங்கட்கிழமை வரவே மாட்டார், ஞாயித்துக்கிழமைதான் வருவார். அந்த நாவல் கட்டை எடுத்தது நான்.

இருபத்துமூணு அத்தியாயமும் படிச்சேன். அந்தக் கண்ணாடி போட்ட அக்கா சொன்னது சரிதான், நாலாவதுல இருந்து தூக்கம் வருது. ஆனா டீ போடுற இடமெல்லாம் அம்மா அப்படியே இருக்காங்க, அதை மட்டும் யாரும் எடுக்கக்கூடாது. அறுபத்தொண்ணாம் பக்கத்தை ரெண்டு பக்கமும் படிச்சேன். தேதியையும் பார்த்தேன். நாலு நாளா எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம உள்ளயே உக்காந்திருந்தேன். லிஃப்ட்ல மாட்டின அந்த அம்மாகிட்ட ஒன்றரை மணி நேரம் என்னப்பா பேசினீங்கன்னு கேக்கணும். அதைக் கேட்டு முடிக்கிறவரைக்கும் நான் எங்கயும் வரல அத்தை. நீங்க வாங்க, லீவுக்கு. பெட்டி நிறைய வெள்ளைத் தாள் கொண்டுவாங்க, ரெண்டு பக்கமும் காலியா இருக்கணும்.

மூணாவது அத்தியாயத்து ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், "அப்பா லேட்டாவே வரட்டும். ஆனா வரணும்."

படியில செருப்புச் சத்தம் கேக்குது. ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்குறார். ஸ்டாம்ப் வாங்க ஒரு மணி நேரம். சரி, இன்னும் மூணு மாடிதான். நான் போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன்.