பைத்தான் படிக்காத குறிப்பு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. வகைக்குறிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி நிரலில் எங்கே எண் வரும், எங்கே எழுத்து வரும் என்று ஓரத்தில் குறித்து வைப்பதே இவருக்கு முதல் வேலை, நிரல் இரண்டாவது. அம்பாங்கானில் கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் புனிதன் இந்த இனத்தின் அசல் உருப்படி.

ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மோகனா அவரிடம் கேட்டது சின்ன வேலை. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் கைப்பேசியில் தட்டும் விவரத்தைக் கணக்கிட்டு, இன்று எத்தனை டன் குலை வருகிறது என்று ஆலைக்குச் சொல்ல வேண்டும். புனிதன் உட்கார்ந்தார். தோட்டம், பெயரைச் சொன்னால் விவரம் தரும் ஓர் அகராதி, அதற்குள் பிளாக் என்ற நிலத்துண்டு, அதுவும் அகராதி, அதற்குள் லோரிகளின் பட்டியல், ஒவ்வொரு லோரிக்குள்ளும் எத்தனை நடை, நடைக்கு எத்தனை டன், ஓட்டுநர் பெயர், ஓட்டுநர் வராத நாளுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று அடைப்புக்குள் அடைப்பாக அவர் அடுக்கிய குறிப்பு திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. அதற்கொரு செல்லப் பெயர் வைத்தார். பிடிக்கவில்லை, மாற்றினார். மூன்று வாரம். பெருக்கிக் கூட்டும் பகுதி? அது டீ ஆறுவதற்குள் முடிந்தது. பிழையே இல்லை என்று சரிபார்க்கும் கருவி காட்டிய பச்சை வரியைப் படம்பிடித்து மனைவிக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

திங்கட்கிழமை நிரல் ஓடியது. ஒரு லோரி, நடைக்குப் பன்னிரண்டு டன், இரண்டு நடை. கைப்பேசியோ பன்னிரண்டை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பியிருந்தது. எழுத்தை இரண்டால் பெருக்கச் சொன்னால், நிரல்மொழியான பைத்தான் அதை இரண்டு முறை எழுதித் தரும். ஆலைக்குப் போன செய்தி: 1212 டன். அவ்வளவுக்கு இடமில்லை என்று ஆலை கதவைச் சாத்த, குலையோடு லோரி வெயிலில் நின்றது.

ஆலை மேலாளரிடம் மன்றாடி லோரியை உள்ளே அனுப்பிவிட்டு, மோகனா புனிதனை அழைத்தார். குரல் உயரவில்லை.

“தம்பி, டன் நம்பராத்தான் இருக்கணும்னு எழுதியிருக்கேன்னு சொன்னீங்களே?”

“எழுதியிருக்கேன்க்கா. ஆனா ஓடுறப்ப பைத்தான் அதைப் பாக்காது லா. அது நாம படிக்கிறதுக்கு.”

“நீங்க படிச்சீங்களா?”

புனிதன் நிரலைத் திறந்தார். எழுத்தை எண்ணாக்கும் ஒற்றை வரியை அப்போதே சேர்த்தார், இரண்டு நிமிடம். பிறகு வியாழன் வரை, டன் என்பது ‘எண் அல்லது எழுத்து’ என்று குறிப்பின் எல்லா அடுக்கையும் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜில் ‘மிளகாய்ச் சம்பல்’ என்று அழகாக எழுதி ஒட்டிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?